பாலத்துக் குழி

காசிமாயனின் மோட்டார் சைக்கிளுக்குக் குலுக்கல் தாங்கும் பின் ஷாக் மாற்றிய அன்று, காலை ஒன்பதரை மணி வெயிலில், கோம்பைக்கரடு டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரர் சின்னக்காளை, யாரும் தொடாமல், எதிலும் முட்டாமல், உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு சாண் உயரம் எழும்பி, தொம்மென்று அதே பெஞ்சில் திரும்ப விழுந்தார். டீ முழுக்க வேட்டியில் கொட்டியது. அவர் வேட்டியைப் பார்க்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் ரோட்டுச் செம்மண் ஒட்டியிருந்தது.

"யார்றா அவன், எனக்கு முன்னால நீலக் கட்டம் போட்ட சட்டையோட உக்காந்திருந்தவன்?" என்று கேட்டார். அவருக்கு முன்னால் பால் சட்டியைத் தவிர எதுவும் இல்லை.

எதிர்த்தாற்போல் இருந்த வண்டிப் பட்டறை வாசலில் கழிவுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒச்சம்மா இதைப் பார்த்தாள். நீலக் கட்டச் சட்டை காசிமாயனுடையது. புதுசாக மாட்டிய ஷாக்கை ஓட்டிப் பார்க்க அப்போதுதான் கிளம்பிப் போனான், இந்நேரம் முதல் குழியில் இறங்கியிருப்பான். அவள் அப்படி நினைத்து முடிப்பதற்குள் டீக்கடைக்குப் பின் வீட்டில் ஓர் அலறலும் குடம் உருளும் சத்தமும் கேட்டன, அதற்கடுத்து மாவு மில்லில் ஒன்று, அதற்கடுத்து கீழத்தெருவில் ஒன்று, பிறகு மறுபடியும் சின்னக்காளை, இப்படியே அரைமணி நேரம், ஊரை யாரோ வீடு வீடாகத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்ப்பதுபோல் நடந்துகொண்டிருந்தது.

காசிமாயன் திரும்பி வந்தபோது ஊரே தெருவில் நின்றது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. பின் சீட்டில் துணியால் கட்டிவைத்திருந்த சொம்பை அவிழ்த்து ஒச்சம்மாவிடம் நீட்டினான். விளிம்பு வரைக்கும் ஊற்றிய தண்ணீர் விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்தது.

"மதினி, ரோடே இல்லாத மாதிரி இருக்கு. பதினோரு கிலோமீட்டரு போயிட்டு வந்துருக்கேன், ஒரு சொட்டு சிந்தல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலித்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் எதற்காக அந்த ஷாக் என்பது எல்லாருக்கும் தெரியும்.

காசிமாயனின் மனைவி நாகஜோதிக்கு ஆறாம் மாதம். முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது, ஒரு பெரிய குலுங்கு குலுங்கினால் ரத்தம் நிற்காது, தாயும் இருக்க மாட்டாள் பிள்ளையும் இருக்காது என்று டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டது. அதே டாக்டரம்மாதான் வாரா வாரம் வந்து காட்டு என்றும் சொன்னது. கோம்பைக்கரட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். நடுவில் ஓடைப் பாலம் வெள்ளத்தில் போய், ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சிமெண்டு மிச்சம் இருக்கிறது, அதில் இருசக்கர வண்டிதான் போகும். அந்த ஒரு முழத்திலும் நட்ட நடுவில் ஒரு குழி. பாலமே போனது, குழி மட்டும் போகவில்லை. குழிகளை மூடித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். மூடினார்கள். இரண்டு தடவை செம்மண் கொட்டி மூடினார்கள். இரண்டு தடவையும் முதல் மழைக்குக் குழி அதே இடத்தில், அதே அளவில், தன் வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டிலில் தூக்கிப் போகலாம் என்றால் பதினோரு கிலோமீட்டர் தூக்குகிறவன் நடையே குலுக்கல்தான்.

"உன் பழைய ஷாக்கு செத்து ரெண்டு வருசம் ஆச்சு காசி, எண்ணெய் பூரா வடிஞ்சுபோச்சு, வெறும் ஸ்பிரிங்குதான் நிக்குது" என்று அன்றைக்கு ஒச்சம்மா சொன்னாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினாள்.

அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒச்சம்மாவின் புருசன் தவமணிதான் அந்தப் பட்டறையை வைத்தவன். சுற்றுப்பட்டு ஊர் வண்டிக்கெல்லாம் ஷாக் மாட்டியவன், தன் வண்டிக்கு மட்டும் மாட்டவில்லை. வரிசையில் ஊரான் வண்டி நிற்கும்போது தன் வண்டிக்கு எங்கே நேரம், அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான். பதினோரு வருசத்துக்கு முன்னால், ஏழு மாதமாக இருந்த ஒச்சம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்த ஓடைப் பாலத்தைத் தாண்டினான். குழிக்குள் விழுந்து எழுந்த பிறகுதான் "பிடிச்சுக்கடி" என்றான். அவன் பழக்கமே அதுதான், எந்தக் குழியானாலும் விழுந்த பிறகுதான் சொல்வான். பிள்ளை தங்கவில்லை, அதற்குப் பிறகு வேறொன்று தரிக்கவும் இல்லை. தவமணி வண்டியைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சுவரோரம் சாத்தியவன், சாகும்வரை அதைத் தொடவில்லை. இரண்டு வருசம் கழித்து, யாருடைய வண்டியையோ கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தான், எழவில்லை. காரியமெல்லாம் முடிந்து பரணைச் சுத்தம் செய்தபோதுதான் ஒச்சம்மா இந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். உள்ளே வாயு அடைத்த இரண்டு கேஸ் ஷாக், பிரிக்காத புதுசு. சுற்றியிருந்த செய்தித்தாளின் தேதி, அவர்கள் குழியில் விழுந்த நாளுக்கு ஆறு நாள் முந்தியது. வாங்கிவிட்டான், மாட்டவில்லை. அன்று அவள் அவனை வாய்விட்டுத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள், அப்புறம் பொட்டலத்தை இருந்தபடியே சுற்றி மேலே வைத்துவிட்டு அவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

அந்த ஷாக்கைத்தான் காசிமாயன் வண்டிக்குப் பூட்டினாள். தரையில் நிறுத்தித் தன் முழு எடையையும் போட்டு அமுக்கிப் பார்த்தாள். எண்ணெய்க் கசிவு இல்லை, சத்தம் இல்லை, மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. ரப்பர் புஷ் மட்டும் காய்ந்திருந்தது, அதைத் தட்டி எடுத்துவிட்டு வேறு போட்டாள். பூட்டிய பிறகு சீட்டின் விளிம்பில் ஒரு தையல் டேப்பைக் கட்டி அச்சு வரைக்கும் தொங்கவிட்டாள். ஷாக் மாட்டுகிறவர்கள் நூற்றில் தொண்ணூறு பேர் இதைச் செய்வதில்லை, ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் திருகி வைக்க வேண்டும், குறைவாகத் தாழ்ந்தால் வண்டி கல்லாகத் தூக்கிப் போடும், கூடத் தாழ்ந்தால் அடி தட்டும். காசிமாயன் மட்டும் உட்கார்ந்தபோது ஒன்றேகால் இஞ்ச். பின்னால் நாகஜோதியை உட்கார வைத்தபோது இரண்டேகால்.

"ஒத்தை ஆளுக்கு ஒண்ணேகாலு, ரெண்டு ஆளுக்கு ரெண்டேகாலு. இதுதான் கரெக்ட்டு" என்றாள் ஒச்சம்மா. மற்றபடி அந்த ஷாக்கில் ஒரு விசேஷமும் இல்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் விசேஷம். முதல் இரண்டு வாரம் குலுக்கல்கள் கண்டபடி விழுந்தன. சின்னக்காளைக்கே ஏழெட்டு விழுந்து அவர் குப்புறப் படுத்துத் தூங்க வேண்டியதாயிற்று. விழும்போதெல்லாம் ஒரே மாதிரிதான், உட்கார்ந்திருப்பவர் எழும்புவார், ஒரு நொடிக்கு அவர் தன் வீட்டில் இருக்க மாட்டார், ஓடுகிற வண்டியின் பின் சீட்டில் இருப்பார், முகத்தில் காற்று அடிக்கும், முன்னால் காசிமாயனின் முதுகு தெரியும், குழி தெரியும், பிறகு தொம். கண்ணைத் திறந்தால் தன் வீடு, வாயில் செம்மண். நாகஜோதிக்கோ எதுவும் தெரியாது, அவள் பதினோரு கிலோமீட்டரும் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை கீழத்தெருக் குடும்பம் ஒன்று விருந்துக்குப் போய்விட, அவர்கள் வீட்டில் விழ வேண்டியது அவர்கள் போன ஊரில் பந்தியில் விழுந்தது, இலையோடு எழும்பினார்கள். எங்கே போனாலும் அது ஆளைத் தேடி வந்தது.

யாரும் காசிமாயனிடம் ஷாக்கைக் கழற்று என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வம்பு பேசுகிற ஊர்தான், அடுத்தவன் மாடு வரப்பைத் தாண்டினால் மூன்று தலைமுறையை இழுக்கிற ஊர்தான், ஆனாலும் இதில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முறை வைத்தால் போதும் என்றார்கள், அவ்வளவுதான்.

கருப்பு கோயில் முன்னால் கூடினார்கள். கோயிலில் தலைக்கட்டு வாசிக்கிறவர் மொக்கராசு. அவரை மிஞ்சி அந்த ஊரில் ஒரு கிடாயின் குளம்புகூடப் பிரிபடாது. கல்யாணம் ஆன ஆண்பிள்ளை ஒருவன் ஒரு தலைக்கட்டு. கறிப் பங்கு தலைக்கட்டுக்கு ஒன்று. கல்யாணம் ஆகாதவன் அப்பன் தலைக்கட்டில் அடக்கம், பெண்டாட்டி புருசன் தலைக்கட்டில் அடக்கம், புருசன் செத்தவள் எதிலும் அடக்கம் இல்லை. மொக்கராசு ஒரு நாள் முழுக்க ரோட்டோடு நடந்து போய் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டு வந்தார். குழி முப்பத்தேழு. வண்டி ஓட்டுகிற காசிமாயனை விட்டுவிட்டால் ஊரில் தலைக்கட்டும் முப்பத்தேழு. ஊரே புல்லரித்துப் போனது.

"பள்ளிக்கூடத்துக் குழி, பெருமாப்பிள்ளை. புளியமரத்துக் குழி, தங்கமுடி" என்று மைக்கில் வாசித்தார். இருபத்திரண்டாவதாகப் பாலத்துக் குழி வந்தது, அது சின்னக்காளைக்கு விழுந்தது. முப்பத்தேழும் வாசித்து முடித்த பிறகு, கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்ற ஒச்சம்மா, "என் வீட்டுக்கு?" என்றாள்.

மொக்கராசு கண்ணாடியைக் கழற்றினார். "நீ தலைக்கட்டு இல்லையே தாயி. ஆம்பளை இல்லாத வீடு."

"ஷாக்கு மாட்டுனது நானு. குலுக்கல் வாங்குறதுக்குமா ஆம்பளை வேணும்?"

கூட்டம் சிரித்தது. மொக்கராசும் சிரித்தார். ஆனால் வாசிக்கவில்லை. ஒச்சம்மா சிரிக்கவில்லை. கறிப் பங்கு இல்லை என்றபோது அவளுக்கு வராத ஆத்திரம் இதில் வந்தது.

அடுத்த வாரம் காசிமாயன் கிளம்பியபோது, குலுக்கல் வாசித்தது வாசித்தபடி, முறை தவறாமல், பெயருக்குப் பெயர் போய் விழுந்தது. அது ஏன் மொக்கராசு சொல்வதைக் கேட்டது என்று யாரும் விசாரிக்கவில்லை, அந்த ஊரில் அவர் சொல்வதைக் கேட்காதது எதுவும் இல்லை என்பதால் அதுவும் கேட்டது. அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற செவ்வாய்க்கிழமை ஊருக்கு ஒரு நாள் ஆனது. மற்ற நாளில் காசிமாயன் வண்டியை எடுக்கக் கூடாது, நடக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் மைக்கில் அறிவிப்பு வந்ததும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருந்தால் இறக்குவார்கள், அரிவாள்மணையை மடக்குவார்கள், சவரம் பாதியில் நிற்கும், வீட்டுத் தலைவன் சாக்கை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வான். மொக்கராசு குழி குழியாக வாசித்துக்கொண்டே வருவார், ஊருக்குள் தொம் தொம்மென்று கேட்டுக்கொண்டே வரும். பெரிய குழி கிடைத்த வீட்டுப் பெண்கள் குழாயடியில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள். சின்னக் குழிக்காரர்கள் அடக்கி வாசித்தார்கள். திருப்பூர் மில்லில் வேலை பார்க்கிற குருவையாவின் வீடு பூட்டிக் கிடந்தாலும் தலைக்கட்டு தலைக்கட்டுதான் என்று அவனுக்கும் பதினாறாம் குழியை வாசித்திருந்தார்கள். அவன் அன்று சாயங்காலம் போன் போட்டான். "மெசினுக்கு முன்னால நின்னுக்கிட்டு இருந்தேன், தூக்கிப் போட்டுச்சு. வாயில நம்ம ஊரு மண்ணு" என்றான்.

ஒச்சம்மா மட்டும் செவ்வாய்க்கிழமைகளில் பட்டறையில் சாக்குப் போடாத தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் எழும்பி விழும் ஊரின் நடுவில் எழும்பாமல் இருந்தாள். ஊரே நனையும்போது தன்மேல் மட்டும் ஒரு சொட்டு விழாமல் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சின்னக்காளை பட்டறைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "தாயி, யாருகிட்டயும் சொல்லாத. எல்லாருக்கும் காசி அன்னைக்கு என்ன சட்டை போட்டுருக்கானோ அது தெரியுது. எனக்குப் பாலத்துல மட்டும் வேற தெரியுது" என்றார்.

"என்ன தெரியுது?"

"காக்கிச் சட்டை. முதுகுல கிரீசுக் கறை. கறைன்னா, ஒரு கை. அஞ்சு விரலும் தெரியுது. பொம்பளக் கை."

பதினோரு வருசத்துக்கு முந்திய அந்தக் காலையில் ஒச்சம்மா தவமணிக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவாமல் வண்டியில் ஏறியவள். குழியில் விழுந்தபோது அவன் முதுகைத்தான் பிடித்தாள். சட்டையை அதற்குப் பிறகு அவள் துவைக்கவில்லை, அவன் அதைப் போடவும் இல்லை. "திரும்பிப் பார்க்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல தாயி. திரும்பாது. ஆனா அழுகுற முதுகு அது. எனக்குத் தெரியும், ஆடு செத்தா நானும் அப்படித்தான் உக்காந்திருப்பேன்."

அன்றே ஒச்சம்மா மொக்கராசு வீட்டுக்குப் போய்ப் பாலத்துக் குழியைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். அவர் முடியாது என்றார்.

எட்டாம் மாதத்தில் சின்னக்காளை இறந்துபோனார். காய்ச்சல் இரண்டு நாள், மூன்றாம் நாள் விடிகாலை மூச்சில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. எடுக்கிறவரை காசிமாயன் போகாமல் இருக்கலாமா என்று கேட்டதற்கு, செத்தவர் செத்தாயிற்று, வயிற்றில் இருக்கிறது காத்திருக்குமா என்று சின்னக்காளையின் மனைவி பூவாயியே அனுப்பிவைத்தாள். பத்தேகால் மணிக்கு, பந்தலில் மாலையோடு கிடத்தியிருந்த உடம்பு ஒரு சாண் எழும்பித் திரும்பக் கட்டிலில் விழுந்தது. மேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. மூடிய உதட்டின் ஓரத்தில் செம்மண் வழிந்தது. பூவாயி எழுந்து போய் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கி, பாலத்துக் குழியையும் அதில் சேர்த்துக்கொண்டாள். மேளமும் சேர்ந்துகொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வழக்கப்படி மொக்கராசு சின்னக்காளையின் பேரை அடித்தார். பூவாயி இனிமேல் தலைக்கட்டு இல்லை. மகனுக்கோ கல்யாணம் ஆகவில்லை. தலைக்கட்டு முப்பத்தாறு, குழி முப்பத்தேழு. நூறு வருசமாகச் செய்கிற காரியம் என்பதால் அடித்தவருக்கும் உறைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் உறைக்கவில்லை.

நாகஜோதிக்கு உறைத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பாலத்தில், அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவளைத் தூக்கிப் போட்டது. திரும்பி வந்து பட்டறை வாசலில் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அடிவயித்துல யாரோ மிதிச்ச மாதிரி இருந்துச்சுக்கா. பாவாடையில ரத்தம் பட்டுருச்சு" என்று ஒச்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஊசி போட்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்கு மறு வெள்ளி வந்து படுத்துவிடு, அதுவரை அசையாதே, இன்னொரு குலுக்கல் இப்படி விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தது.

ஊர் பதறிப்போனது. பதறியவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சின்னக்காளையின் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். அவனுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டால் தலைக்கட்டு முப்பத்தேழு ஆகிவிடும், குழி அவன் பேருக்குப் போய்விடும். துக்க வீட்டில் வருசம் திரும்பாமல் கல்யாணமா என்று கேட்டவர்களை மொக்கராசு அடக்கினார். மூன்று ஊருக்குப் போனார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் வீட்டார் கேட்க, ஆடு மேய்க்கிறார், பாலத்துக் குழியை வாங்கிக்கொள்வார் என்று இவர்கள் பதில் சொல்ல, மூன்று ஊரிலும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தலைக்கட்டு இரண்டு குழி வாங்கிக்கொள்ளட்டுமே என்றால் ஒரு தலைக்கட்டுக்கு இரண்டு பங்கு கிடையாது, கறியில் இல்லாதது குழியில் எப்படி வரும் என்றார் மொக்கராசு.

"என் பேரை வாசிச்சா ஒரு நிமிசத்துல முடியும்" என்றாள் ஒச்சம்மா, இரண்டாம் தடவையாக.

"உன் பேரை வாசிச்சா நாளைக்குப் பூவாயி வருவா. அவ பின்னால இன்னும் எட்டுப் பேரு வருவாக. கோயிலு என்னத்துக்கு ஆகும்?" என்றார் மொக்கராசு. அவர் கெட்டவர் இல்லை. நாகஜோதிக்காகக் கோயிலில் தினமும் விளக்குப் போட்டவர்தான். பேர் வாசிக்கிற வாய் அப்படிப் பழகிவிட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, மூன்று நாள் மழை விட்ட காலையில், நாகஜோதிக்கு ரத்தம் போகத் தொடங்கியது. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கச் சொல்லிவிட்டு, காசிமாயன் அவளைத் தூக்கி உட்கார வைத்து, சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, வண்டியை எடுத்தான். வழியில் பட்டறை வாசலில் நின்ற ஒச்சம்மாவை நாகஜோதி பார்த்தாள். ஒச்சம்மா செருப்பை மாட்டாமல் கோயிலுக்கு ஓடினாள்.

மொக்கராசு மைக்கைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். ஊர் சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் குழி, தொம். புளியமரத்துக் குழி, தொம். மழையில் ஊறிய குழிகள், எல்லாரும் வழக்கத்தைவிட உயரமாக எழும்பினார்கள். பதினாறு, அது திருப்பூரில். இருபது. இருபத்தொன்று. அதோடு மொக்கராசு நிறுத்தினார். ஒலிபெருக்கி ஒன்றும் பேசாமல் இரைந்துகொண்டிருந்தது.

"மாமா, காசி ஓடை இறக்கத்துல இருப்பான். நேரமில்ல" என்றாள் ஒச்சம்மா.

அவர் அவளைப் பார்த்தார், கருப்பு சிலையைப் பார்த்தார், பிறகு இரண்டையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மைக்கை நீட்டினார். "என் வாயால வாசிக்க மாட்டேன். நீயே வாசிச்சுக்க."

"பாலத்துக் குழி" என்றாள். அவள் குரல் அவளுக்கே கரட்டுக் குன்றில் மோதித் திரும்பி வந்தது. "தவமணி பொண்டாட்டி" என்று தொடங்கி நிறுத்தினாள். "ஒச்சம்மா" என்றாள். மைக்கை வைத்துவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் காற்று வந்தது. கிரீஸ் வாடையும் பீடி வாடையும் கலந்த, பதினோரு வருசம் முந்திய காற்று. முன்னால் காக்கிச் சட்டை. அதில் அவள் கை, அஞ்சு விரலும். கீழே ஓடை கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் வயிற்றில் கனம் இருந்தது, உயிருள்ள கனம், அது ஒரு முறை புரண்டது. அவளுக்கு இறங்கிவிட வேண்டும் என்று இல்லை, வண்டி நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை, அந்த நொடி போகாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. குழி வந்தது. குழிக்கு ஒரு முழம் முன்னால், திரும்பாத அந்த முதுகு பேசியது.

"பிடிச்சுக்கடி."

அவள் பிடித்துக்கொண்டாள். மொக்கராசு பிறகு ஊரெல்லாம் சொன்னார், அத்தனை செவ்வாய்க்கிழமையிலும் யாரும் அந்த உயரத்துக்கு எழும்பியதில்லை, கோயில் மணியில் அவள் தலை இடித்து மணி அடித்தது என்று. விழுந்த சத்தத்தில் புறாக்கள் பறந்தன. ஒச்சம்மா கண்ணைத் திறந்தபோது நாக்கு கடிபட்டு ரத்தமும் செம்மண்ணும் வாயில் இருந்தன, வயிறு காலியாக இருந்தது, அவள் பெரிய குரலெடுத்து அழுதுகொண்டிருந்தாள். மொக்கராசு கிடந்த மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமி, "இருபத்தி மூணு" என்று மேலே வாசித்தார்.

ஆம்புலன்ஸ் நின்றது, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள், சாயங்காலம் போன் வந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தாய்க்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், இருவரும் சுகம். காசிமாயன், "பாலத்துல நான் கண்ணை மூடிக்கிட்டேன் மதினி, ஒண்ணுமே தெரியல" என்றான்.

மாசியில் கிடா வெட்டினார்கள். மொக்கராசு தலைக்கட்டு வாசித்தார். காசிமாயனையும் சேர்த்து முப்பத்தேழு பேர் வாசித்து, கூறு எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, இலையில் ஒரு கூறு மிச்சம் இருந்தது. அவருக்கு அந்தப் பேர் அப்போதும் வாயில் வரவில்லை. கூட்டத்தைப் பார்க்காமல், "பாலத்துக் குழி" என்று வாசித்தார். ஒச்சம்மா போய் வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே பூவாயி போய்க் கையை நீட்டினாள்.

நாகஜோதி குழந்தையோடு ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒச்சம்மா அந்த ஷாக்கைக் கழற்றிவிட்டுக் காசிமாயனுக்கு வேறு மாட்டிக் கொடுத்தாள். ஊரில் எழும்பி விழுவது நின்றது. சில செவ்வாய்க்கிழமை பழக்கதோசத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் எழுந்து போனவர்கள் உண்டு.

கழற்றிய ஷாக்கை அவள் பரணில் வைக்கவில்லை. ஒரு மத்தியானம், வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, கொட்டகையில் பதினோரு வருசமாகச் சாத்திக் கிடந்த தவமணியின் வண்டியைத் துடைத்து, சக்கரத்துக்குக் காற்றடித்து, துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றி, இரண்டு ஷாக்கையும் அதில் பூட்டினாள். சீட்டு விளிம்பில் தையல் டேப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். முன் சீட்டில் உட்காரவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி மெதுவாக, சத்தமில்லாமல் தாழ்ந்தது. ஒற்றை ஆளுக்குரிய அளவில் நின்றது. நின்று, பிறகு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

குனிந்து டேப்பைப் பார்த்தாள். இரண்டேகால்.

சுவரிலிருந்து கையை எடுத்தாள். அவன் சொல்வதற்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டாள்.